விதவை என்று எழுதியிருக்கிறது, கணவர் இறந்துவிட்டாரா?

குடும்ப வரலாறு தேடும்போது, பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே 'விதவை' என்று இருக்கிறது. பத்தாண்டுக்கு முந்தைய தாளில் அவருக்குக் கணவர் இருந்தார். ஆகவே இடைப்பட்ட காலத்தில் கணவர் காலமாகியிருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு இறப்புப் பதிவைத் தேடத் தொடங்குகிறோம். மாவட்டம் மாவட்டமாகத் தேடுகிறோம், பெயரின் எழுத்துகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறோம், ஒன்றும் அகப்படுவதில்லை. இந்த முட்டுச்சந்தில் நானும் மாதக்கணக்கில் நின்றிருக்கிறேன். நடக்காத ஒரு சாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பது வெகு தாமதமாகத்தான் உறைத்தது. அந்த மனிதர் வேறோர் ஊரின் தாளில், ஒரு தங்கும் விடுதியில் வரிசையாக எழுதப்பட்ட பெயர்களில் ஒன்றாக, உயிரோடு இருந்தார்.

'விதவை' என்ற அந்த ஒரு சொல்லை நான்கு விதமாகப் படிக்கலாம். கணவர் உண்மையிலேயே இறந்துவிட்டார். கணவர் விட்டுப் போய்விட்டார், அல்லது இவர் விட்டு வந்துவிட்டார். நீதிமன்றத்தில் விவாகரத்து ஆகிவிட்டது. அல்லது திருமணமே நடக்கவில்லை. இவற்றில் எதை முதலில் எடுத்துக்கொள்வது என்று தீர்மானிப்பதில் கவனம் பிசகினால் நேரமும் பணமும் வீணாகப் போகும். இங்கே அமெரிக்க, பிரிட்டிஷ் தாள்களை வைத்தே பேசுகிறேன். இந்தியக் கணக்கெடுப்புகளில் தனி ஆட்களின் பெயருள்ள தாள்கள் காக்கப்படவில்லை. தொகை அட்டவணைகளே மிஞ்சின. ஆனால் அந்த அட்டவணைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு விதி இந்தப் பேச்சுக்கு மிகவும் பொருந்துகிறது. சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

கேட்காத கேள்விக்கு விடை தேட வேண்டாம்

நான்கு வாசிப்புகளையும் எடைபோடுவதற்கு முன், அந்த ஆண்டின் படிவத்தில் என்ன கேட்டார்கள் என்று பார்த்துவிட வேண்டும். இங்கிலாந்தின் 1841 கணக்கெடுப்பில் திருமண நிலை கேட்கப்படவே இல்லை. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் இல்லை. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதையும் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதினார்கள். அதில் 40 வயது ஆணும் 35 வயதுப் பெண்ணும் ஒரே குடும்பப் பெயரோடு ஒரே வீட்டில் இருந்தால், கணவன் மனைவியாகவும் இருக்கலாம், அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம். 1851 முதல்தான் உறவும் திருமண நிலையும் தாளில் வருகின்றன.

அமெரிக்காவில் இந்தக் காத்திருப்பு இன்னும் நீளம். 1850, 1860, 1870 தாள்களில் கேட்டதெல்லாம் 'இந்த ஓராண்டுக்குள் திருமணமானவரா' என்பது மட்டுமே. உறவும் திருமண நிலையும் 1880இல்தான் நுழைகின்றன. ஆக, 1870 தாளைப் பார்த்து யாராவது 'மனைவி' என்று குடும்ப மரத்தில் எழுதியிருந்தால், அது அவருடைய ஊகம். தாள் அப்படிச் சொல்லவில்லை. 27 வயதுப் பெண்ணுக்குக் கீழே 14 வயதுப் பிள்ளை எழுதப்பட்டிருந்தால், அவரைத் தாய் என்று முடிவு கட்டுவதற்கு முன் மூத்தாள் ஒருத்தி இருந்திருப்பாளோ என்று யோசிப்பது நல்லது.

என்ன கேட்டார்கள் என்பதைப் போலவே, எந்தெந்த விடைகளை அனுமதித்தார்கள் என்பதும் முக்கியம். இங்கிலாந்துத் தாளில் 1911 வரை தனியர், மணமானவர், துணையை இழந்தவர் என்று மூன்றே வகை. விவாகரத்துக்கு இடம் 1921இல்தான் கிடைத்தது. அதற்கு முன்பு விவாகரத்து பெற்ற ஒருவர் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்குள் தன்னைத் திணித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அமெரிக்காவின் 1880 படிவத்தில் விதவைக்கும் விவாகரத்துக்கும் ஒரே கட்டம். முன்னதற்கு ஒரு சாய்கோடு, பின்னதற்கு ஒரு 'டி'. கணக்கெடுப்பாளரின் பேனா சற்று அவசரப்பட்டால் ஒரு விவாகரத்து சாவாகிவிடும். நான் சொல்லவந்த இந்திய விதி இதுதான்: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் கணக்கெடுப்புகளில், விவாகரத்தாகி மறுமணம் செய்துகொள்ளாதவர்களைத் துணையை இழந்தவர்கள் என்றே பதியும்படி கணக்கெடுப்பாளர்களுக்கு அறிவுரை இருந்தது. அங்கே யாரும் பொய் சொல்லத் தேவையே இல்லை, விதியே சொல்லிவிட்டது.

கணவனைப் பிரிந்து வாழும் பெண்ணுக்குத் தமிழில் வாழாவெட்டி என்று ஒரு சொல் உண்டு. கொடுமையான சொல்தான், ஆனாலும் அப்படி ஒரு நிலை இருக்கிறது என்பதையாவது அது ஒப்புக்கொண்டது. படிவங்கள் அதைக்கூடச் செய்யவில்லை. பிரிந்து வாழ்பவர் என்ற வகை அமெரிக்கக் கணக்கெடுப்பில் 1950இல்தான் வந்தது. அதுவரை பிரிந்திருந்த ஒவ்வொரு பெண்ணும் கதவருகே நின்று, மணமானவள் என்றோ விதவை என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இறந்துவிட்டார் என்ற வாசிப்பு

நால்வகையில் மிக எளியது இது. பெரும்பாலும் இதுவே உண்மையாகவும் இருக்கும். இரண்டு மூன்று கணக்கெடுப்புகளில் மாறாமல் 'விதவை' என்று வருவது, கணவரின் ஊரிலேயே தொடர்ந்து வாழ்வது, கல்லறைக் கல், உயில் வழக்கு, இவையெல்லாம் கைகோத்து நின்றால் மேலே சந்தேகப்பட வேண்டியதில்லை. அமெரிக்க நகர விவரப் புத்தகங்களில் (ஊரில் வசிப்போரின் பெயர், முகவரிப் பட்டியல்கள்) பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில், 'இன்னாரின் விதவை' என்று கணவர் பெயரோடு அச்சிடுவது வழக்கம். கணவர் பெயர் தெரியாதபோது அது பெரிய உதவி. ஆனால் அதுவும் அந்தப் பெண்ணின் வீட்டில் கேட்டு எழுதியதுதான் என்பதால், கணக்கெடுப்புத் தாளுக்கு அதைத் தனிச் சாட்சியாக நிறுத்த நான் தயங்குவேன்.

சிக்கல், இறப்புப் பதிவு கிடைக்காதபோது தொடங்குகிறது. அந்தக் 'கிடைக்கவில்லை' என்பதற்கு எல்லா இடத்திலும் ஒரே எடை இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலையில் பதிவு தொடங்கியது. 1874ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, பதியத் தவறிய உறவினருக்கு அபராதமும் உண்டு. ஆகவே 1880களில் அங்கே ஒரு சாவு பதிவேட்டில் இல்லையென்றால், கடலிலோ அயல்நாட்டிலோ படையிலோ இறந்தவரா என்று பார்த்துவிட்டு, அடுத்த வாசிப்புக்கு நகரலாம். அமெரிக்காவில் அப்படி நகர முடியாது. இறப்புப் பதிவு அங்கே மாநிலங்களின் பொறுப்பு. நாடு முழுவதும் ஒரே ஏற்பாட்டுக்குள் வந்துசேர 1933 ஆகிவிட்டது. 1895இல் ஒரு கிராமப்புற மாவட்டத்தில் பதிவு இல்லை என்பது எதையும் நிறுவாது.

விட்டுப் போனவர் என்ற வாசிப்பு

நான் அதிகம் மதிப்பது இதைத்தான். குடும்பக் கதைகள் அதிகம் மறைப்பதும் இதைத்தான்.

ஒரு பெண் ஏன் தன்னை விதவை என்று சொல்லிக்கொள்ள வேண்டும்? வாடகை வீடு தருகிறவர், வேலை தருகிறவர், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பவர், தேவாலயத்தில் பக்கத்தில் உட்காருகிறவர், எல்லோரும் விதவைக்கு இரங்குவார்கள். கணவன் ஓடிப்போன பெண்ணிடம் அவர்கள் கேள்வி கேட்பார்கள். கணக்கெடுப்பாளரும் அதே ஊர்க்காரராக இருப்பார். ஊருக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கும் விடையை அவரிடம் மட்டும் மாற்றிச் சொல்ல முடியுமா? வேறு ஊருக்குக் குடிபெயர்ந்த உடனே ஒருவர் 'விதவை' ஆகியிருந்தால், இந்த வாசிப்பின் பக்கம் தராசை ஒரு பிடி சாய்ப்பேன்.

ஆண்கள் பக்கம் கதை வேறு. விட்டுப் போன கணவர் அடுத்த தாளில் துணையை இழந்தவராகவும் வரலாம். விடுதியில் தங்கியிருந்தால் 'தனியர்' என்றும் வரலாம். அந்தத் 'தனியர்' அவரே சொன்ன பொய்யாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. விடுதிக்காரம்மா பத்துப் பேருக்கும் சேர்த்து விடை சொல்லியிருப்பார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அமெரிக்கத் தாள்களில் யார் விடை சொன்னார்கள் என்பது 1940இல்தான் குறிக்கப்பட்டது. பெயருக்குப் பக்கத்தில் வட்டமிட்ட ஒரு பெருக்கல் குறி. அதற்கு முந்தைய தாள்களில், சொன்னவர் மனைவியா, மூத்த மகளா, பக்கத்து வீட்டுக்காரரா என்பதை நாம் அறிய வழியில்லை.

உயிரோடிருக்கும் கணவரைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம், 1880 முதல் அமெரிக்கத் தாள்கள் கேட்ட மூன்று பிறப்பிடங்கள்: தன்னுடையது, தந்தையுடையது, தாயுடையது. பெயர் பொதுவானதாக இருந்தாலும், பென்சில்வேனியாவில் பிறந்து, அயர்லாந்துத் தந்தையும் நியூயார்க் தாயும் கொண்டு, அதே தொழிலும் அதே வயதும் உள்ளவர் ஊருக்கு ஊர் இருக்க மாட்டார். மறுமணத் தேதியும் பேசும். இங்கிலாந்தின் 1861 சட்டப்படி, துணை ஏழாண்டு தொடர்ந்து காணாமல் இருந்து, உயிரோடிருப்பதாகத் தகவலும் இல்லையென்றால், மறுமணம் செய்துகொண்டவரை இருதார மணக் குற்றத்துக்குத் தண்டிக்க முடியாது. முதல் துணை உண்மையில் உயிரோடிருந்தால் அந்த மறுமணம் செல்லாது என்பது வேறு விஷயம். ஏழாண்டு முடிந்தால் கட்டு தானே அறுந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். ஆகவே 'விதவை' ஒருவர் எட்டாம் ஆண்டில் மறுமணம் செய்துகொண்டிருந்தால், அந்த எட்டை வெறும் தற்செயல் என்று தள்ளிவிடாதீர்கள்.

விவாகரத்தும் திருமணமே நடக்காததும்

விவாகரத்து என்ற வாசிப்புக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதை, நாடும் மாநிலமும் கையிலிருந்த பணமுமே தீர்மானிக்கின்றன. இங்கிலாந்தில் நீதிமன்ற விவாகரத்து 1858இல்தான் தொடங்கியது. அதற்கான நீதிமன்றமும் லண்டனில். ஆணுக்கு மனைவியின் பிறழ்வு, அதாவது வேறொருவரோடு உறவு, ஒன்றே போதும். பெண்ணுக்கு அதோடு கொடுமையோ கைவிடலோ சேர வேண்டும் என்ற நிலை 1923 வரை நீடித்தது. 1891இல் ஒரு ஆலைத் தொழிலாளியின் குடும்பத்தில் விவாகரத்தைத் தேடுவது நேரத்துக்குக் கேடு, பிரிவைத் தேடுங்கள். அமெரிக்காவில் இந்த வாசிப்புக்கு மேலும் மரியாதை கொடுக்கலாம். ஆனால் தென் கரோலினாவில் 1949 வரை, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய சில ஆண்டுகள் தவிர, விவாகரத்தே இல்லை. நியூயார்க்கிலோ 1960களின் பிற்பகுதி வரை பிறழ்வு ஒன்றே காரணம். அதனால் வசதியுள்ளவர்கள் மாநில எல்லை தாண்டிப் போய்த் தீர்ப்பு வாங்கினார்கள். தீர்ப்பு கிடைக்கவில்லை என்றால், தேடிய மாவட்டம் தவறாக இருக்கலாம்.

தாளில் 'விவாகரத்து' என்று யாராவது சொல்லியிருந்தால் பெரும்பாலும் நம்பலாம். வெட்கக்கேடாகக் கருதப்பட்ட ஒன்றை யாரும் சும்மா இட்டுக்கட்டிச் சொல்வதில்லை. முறையான தீர்ப்பு இல்லாமலே பிரிவை அப்படிச் சொன்னவர்களும் உண்டு என்பதால், 'பெரும்பாலும்' என்று நிறுத்திக்கொள்கிறேன்.

திருமணமே நடக்கவில்லை என்ற வாசிப்பைச் சோதிப்பது நான்கிலும் மலிவு. முந்தைய தாளில் அந்தப் பெண் பெற்றோர் வீட்டில் எந்தக் குடும்பப் பெயரோடு இருந்தார்? 'விதவை' ஆன பிறகும் அதே பெயர் என்றால், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை வரவழையுங்கள். தந்தை பெயருக்கான இடம் வெறுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். மறுபக்கம், திருமணப் பதிவு கிடைக்கவில்லை என்பதற்காகத் திருமணமே இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. ஸ்காட்லாந்தில் மதகுருவோ பதிவாளரோ இல்லாமல், இருவரும் வாய்ச்சொல்லால் ஏற்றுக்கொண்ட திருமணம் 1939ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை செல்லுபடியானது. இங்கிலாந்தில் இறந்த மனைவியின் தங்கையை மணப்பது 1835 முதல் 1907 வரை செல்லாது. தாளில் 'மணமானவர்' என்று ஒரே வீட்டில் வாழ்ந்த சில இணைகளுக்குத் தங்கள் ஊர்ப் பதிவேட்டில் ஒன்றும் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

'மணமானவர்' என்பதும் புதிர்தான்

கணவர் வீட்டில் இல்லை, மனைவிக்கு நேரே 'மணமானவர்' என்று இருக்கிறது. இதைப் பிரிவு என்று படிக்கலாமா? நாட்டைப் பொறுத்தது. பிரிட்டிஷ் கணக்கெடுப்பு குறிப்பிட்ட ஓர் இரவில் அந்தக் கூரைக்குக் கீழே படுத்திருந்தவர்களை எழுதியது. கணவர் மாலுமியாக இருக்கலாம், தாயைப் பார்க்கப் போயிருக்கலாம். அமெரிக்கக் கணக்கெடுப்பு வழக்கமாக வசிக்கும் இடத்தை வைத்து எழுதியது. அங்கே கணவர் விடுபட்டிருந்தால் கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம். 1940 தாளில், துணை உடன் வசிக்காத மணமானவர்களுக்கு அலுவலகத்தில் '7' என்ற எண்ணைப் போட்டார்கள். மணமானவரைக் குறிக்கும் 'எம்' எழுத்தின் மேல் ஏறி நிற்கும் அந்த எண்ணைக் கறை என்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு.

1910இல் வந்த 'எம்1', 'எம்2' குறிகள் எனக்கு மிகப் பிடித்தவை. முதல் திருமணத்துக்கு ஒன்று, இரண்டாவதோ அதற்கு மேலோ ஆனால் இரண்டு. பக்கத்துப் பத்தியில், இப்போதைய திருமணம் எத்தனை ஆண்டு என்ற எண். கணவர் எம்2, மனைவி எம்1, இருவருக்கும் 9 ஆண்டு, வீட்டில் 14 வயதுப் பிள்ளை: அந்தப் பிள்ளையின் தாய் வேறொருத்தி என்று தாளே சொல்லிவிடுகிறது. 1930இல் இதற்குப் பதிலாக முதல் திருமணத்தின்போது என்ன வயது என்று கேட்டார்கள். மனைவிக்கு 45, முதல் திருமணம் 20இல். கணவருக்கு 50, முதல் திருமணம் 33இல். மனைவியின் முதல் திருமணம் 25 ஆண்டு முன்பு, கணவருடையது 17 ஆண்டு முன்பு. மனைவிக்கு இதற்கு முன் ஒரு கணவர் இருந்திருக்கிறார். குடும்பத்தில் யாரும் சொல்லாத பெயர் ஒன்று எங்கோ காத்திருக்கிறது. இங்கிலாந்தின் 1911 தாளிலும் திருமண ஆண்டுகளும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் உண்டு. மணமான பெண்கள் மட்டும் நிரப்ப வேண்டிய அந்தப் பத்திகளை விதவைகள் தவறாக நிரப்பிவிட, அதிகாரிகள் கோடு போட்டு அடித்தார்கள். அடித்தாலும் படிக்க முடிகிறது. அந்தப் பிழைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். இவையெல்லாம் மூலத்தாளின் படத்தில்தான் தெரியும். அட்டவணையாகப் படியெடுத்தவர் கோடிட்டதை விட்டிருப்பார், சாய்ந்த 'எம்' ஒன்றை விதவையைக் குறிக்கும் 'டபிள்யூ' என்று படித்திருப்பார்.

எதை முதலில் தேடுவது

இப்படி ஒரு வழக்கை வைத்துக்கொள்வோம். 1900இல் ஒஹாயோவில் ஒரு பெண்: மணமாகி 11 ஆண்டு, பெற்ற பிள்ளைகள் 4, இருப்பவர்கள் 3. கணவர் உடன் இருக்கிறார். 1910இல் அதே மாநிலத்தில் வேறொரு நகரில் 'விதவை'. பெற்றது 5, இருப்பவர்கள் 4, கடைக்குட்டிக்கு வயது 7. 1920இல் 'விவாகரத்தானவர்'.

திருமணமே நடக்கவில்லை என்ற வாசிப்பை 1889 வாக்கிலான திருமணப் பதிவு ஒன்று தள்ளிவிடும். அரை மணி நேர வேலை. கடைக்குட்டி 1902, 1903 வாக்கில் பிறந்ததால் கணவர் குறைந்தது 1901 நடுப்பகுதி வரையாவது இருந்திருக்கிறார். தேட வேண்டிய இடைவெளி எட்டொன்பது ஆண்டாகச் சுருங்கிவிட்டது. ஒஹாயோவில் 1867 முதல் மாவட்ட அளவிலும் 1908 இறுதியிலிருந்து மாநில அளவிலும் இறப்புப் பதிவு உண்டு. ஆனாலும் நான் அங்கே முதலில் போக மாட்டேன். 1920இல் சொன்ன சங்கடமான விடை 1910இல் சொன்ன சௌகரியமான விடையைவிடக் கனமானது. ஆகவே 1910 தாளில் அந்த மூன்று பிறப்பிடங்களை வைத்துக்கொண்டு கணவரை உயிரோடு தேடுவேன். அடுத்ததாக 1900 முதல் 1910 வரையிலான நகர விவரப் புத்தகங்கள்: மனைவியின் பெயர் முதன்முதலில் தனியாக அச்சான ஆண்டு எது, அதற்குப் பிறகும் கணவரின் பெயர் வேறு முகவரியில் வருகிறதா? மூன்றாவதாக, அந்தப் பெண் வாழ்ந்த இரண்டு மாவட்டங்களின் நீதிமன்ற அட்டவணைகளும், 1920 வரை. விவாகரத்து மனு கிடைத்துவிட்டால் அதற்கு மேல் பொக்கிஷம் இல்லை. திருமணத் தேதி, பிள்ளைகளின் பெயர்கள், கணவர் எப்போது வீட்டை விட்டுப் போனார் என்ற விவரம், எல்லாம் ஒரே காகிதத்தில் இருக்கும். இறப்புப் பதிவேட்டுக்கு நான்காவது இடம்தான். 1920 தாளும் 'விதவை' என்றே சொல்லியிருந்தால் இந்த வரிசையை மாற்றி, சாவை முதலில் தேடியிருப்பேன்.

கணவர் உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவராக இருந்தால் மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓய்வூதியக் கோப்பு. விதவை ஓய்வூதியம் கேட்டவர் திருமணத்தையும் சாவையும் நிரூபிக்க வேண்டும். மறுமணம் செய்துகொண்டால் பணம் நின்றுவிடும் என்பதால் அதைச் சொல்லாமல் விட்டவர்களும் உண்டு. 1898இல் ஓய்வூதிய அலுவலகம் முன்னாள் வீரர்களுக்கு ஒரு வினாத்தாள் அனுப்பி, மனைவி பெயர் என்ன, முன்பு மணமானதுண்டா, பிள்ளைகள் யார் என்றெல்லாம் கேட்டது. சில கோப்புகளில் ஒரே வீரருக்கு இரண்டு விதவைகள் எதிரெதிராக மனுப் போட்டிருப்பார்கள். இரண்டு தரப்பும் சாட்சிகளைக் கூட்டிவந்து, ஊரறிந்த ரகசியத்தையெல்லாம் பிரமாண வாக்குமூலமாக எழுதிக் கொடுத்திருக்கும்.

தேடல் முடியும்வரை குடும்ப மரத்தில் கணவரின் இறப்புத் தேதிக் கட்டத்தில் '1910க்கு முன்' என்று எழுதிவிடாதீர்கள். ஒருவர் எழுதினால் இருபது பேர் படியெடுப்பார்கள். பிறகு அந்தச் சாவை யாராலும் திரும்பப் பெற முடியாது. மனைவியின் பக்கத்தில், '1910இல் விதவை என்று கூறப்பட்டது' என்று குறித்துவிட்டு, கணவரின் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.